டிசம்பர் 25 என்ற தேதி எப்படி வந்தது? திருத்தணி வியாபாரிகள் அறிய வேண்டிய ஒரு பழைய கணக்கு



வருடக் கடைசி வாரம் என்றால் நம் திருத்தணிக் கடைவீதிக்குத் தனிக் கணக்கு உண்டு. டிசம்பர் 25ஆம் தேதி கிறிஸ்துமஸ். அதிலிருந்து ஆறு நாள் கழித்து, 31ஆம் தேதி இரவு, மலையில் படித்திருவிழா. காகித நட்சத்திரமும் மெழுகுவர்த்தியும் கடை வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கர்ப்பூரமும் மஞ்சளும் குங்குமமும் மூட்டையாக வந்து இறங்கியாக வேண்டும். ஆடிக் கிருத்திகை எப்போது, உகாதி எப்போது, தீபாவளி எப்போது என்று தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டும். இந்த இரண்டு விழாக்களுக்கும் அது தேவையில்லை. இரண்டும் இங்கிலீஷ் தேதியில் நிலையாக நிற்பவை.

இவற்றில் படித்திருவிழாவின் தேதி ஏன் அப்படி அமைந்தது என்பது நமக்குத் தெளிவாகத் தெரியும். டிசம்பர் 25 ஏன் அப்படி அமைந்தது என்பது பற்றி அறிஞர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. கடையில் நிற்கும்போது வாடிக்கையாளர்களே கேட்பதுண்டு: "பைபிளில் தேதியே இல்லையாமே? அது சூரியனுக்கு உரிய நாளாமே?" சிலர் வாதத்துக்காகக் கேட்பார்கள், சிலர் அறிந்துகொள்ளக் கேட்பார்கள். எல்லா மதத்தாரும் வந்துபோகும் கடையில் இதற்குப் பதில் சொல்பவர், யார் மனமும் புண்படாமல், அதே சமயம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதற்கு உதவியாக இந்தக் கட்டுரை.

நமக்குத் தெரிந்த கணக்கு

முதலில் நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். தணிகை மலைக்குப் படிகள் 365. ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்பது மரபு. வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜனவரி 1ஆம் தேதி காலையில் மாலையும் எலுமிச்சம்பழமும் ஏந்தித் துரைமார் வீட்டு வாசலில் காத்து நிற்பது உத்தியோகஸ்தர்களின் வழக்கமாக இருந்தது. இதைக் கண்ட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், துரைக்கெல்லாம் பெரிய துரையான தணிகை முருகனை அல்லவா முதலில் போய்க் காண வேண்டும் என்று அன்பர்களை அழைத்தார். 1917ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி திருப்புகழ் பாடிக்கொண்டு படியேறும் விழா தொடங்கியது. படிக்கு ஒரு பாட்டு, படிக்கு ஒரு தீபாராதனை என்பது அதன் முறை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முருகனுக்கும் ஜனவரி 1க்கும் புராணத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. ஊரார் ஏற்கெனவே ஒன்றுகூடும் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அதற்கு வேறு பொருள் கொடுத்தார் ஒரு துறவி. அதனால் விழாவின் புனிதம் குறைந்துவிட்டதா? இல்லை. ஆட்சி மாறியது, துரைமார் போனார்கள். விழா மட்டும் வளர்ந்து நிற்கிறது. இந்த உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 1,700 ஆண்டு பின்னோக்கிப் போவோம்.

முதல் 200 ஆண்டுகளில் பதிவே இல்லை

இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் மத்தேயு, லூக்கா இரண்டில்தான் பிறப்பின் வரலாறு உண்டு. இரண்டிலும் மாதமோ தேதியோ இல்லை. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் பிறப்பு விழா கொண்டாடியதாகச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு முக்கியமானவை சிலுவை மரணமும் உயிர்த்தெழுதலும்தான். பிறந்த நாள் கொண்டாடுவது அரசர்களின் பழக்கம் என்று கருதியவர்களும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகன், வேதத்தில் பிறந்த நாள் கொண்டாடியவர்களாகக் காணப்படுவோர் எகிப்து மன்னன் பார்வோன், ஏரோது போன்ற தீயவர்களே என்று எழுதினார்.

ஆனாலும் தேதியை அறியும் ஆவல் சிலருக்கு இருந்தது. கி.பி. 200ஐ ஒட்டி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளமென்ட், பலர் பலவாறு கணக்கிடுவதைப் பதிவு செய்திருக்கிறார். நம் மாதக் கணக்குக்கு மாற்றினால் ஒருவர் சொன்னது மே 20. வேறு சிலர் சொன்னது ஏப்ரல் 19 அல்லது 20. அந்தப் பட்டியலில் டிசம்பர் 25 இல்லவே இல்லை. 243ஆம் ஆண்டில் எழுதப்பட்ட இன்னொரு கணிப்பு நூல் மார்ச் 28 என்றது. சூரியன் படைக்கப்பட்ட நாள் அது, ஆகவே அன்றுதான் பிறந்திருக்க வேண்டும் என்பது அதன் வாதம். மூலச் சீட்டு தொலைந்துபோன சரக்குக்கு ஆளுக்கு ஒரு விலை சொல்வது போல்தான் அன்றைய நிலைமை.

ரோமாபுரிப் பஞ்சாங்கம் தரும் சான்று

டிசம்பர் 25க்கு ஐயமற்ற முதல் சான்று ரோம் நகரில் கிடைக்கிறது. 354ஆம் ஆண்டில் ஃபிலோகலஸ் என்ற எழுத்துக் கலைஞர், வாலன்டினஸ் என்ற செல்வருக்காக ஓர் அழகிய ஆண்டுக் குறிப்பேடு தயாரித்துக் கொடுத்தார். விழா நாட்கள், அதிகாரிகளின் பெயர்கள், ஆயர்கள் மறைந்த தேதிகள், இரத்த சாட்சிகளின் நினைவு நாட்கள் எல்லாம் அதில் உண்டு. இரத்த சாட்சிகளின் பட்டியல் தொடங்குவதே டிசம்பர் 25இல்தான். கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்பது அதன் முதல் பதிவு. புதுக்கணக்கின் முதல் வரி போல அது நிற்கிறது.

குறிப்பேடு 354ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் உள்ளே இருக்கும் பட்டியல் இன்னும் பழையது. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது கணக்கு எழுதும் நமக்கு உடனே விளங்கும். ஆயர்களின் பட்டியல் தேதி வரிசையில் போகிறது. 335ஆம் ஆண்டு டிசம்பர் 31இல் மறைந்த சில்வெஸ்டர் தமக்குரிய இடத்தில் சரியாக இருக்கிறார். 336 அக்டோபரில் மறைந்த மாற்குவும், 352இல் மறைந்த ஜூலியஸும் வரிசையில் இல்லை, கடைசியில் ஒட்டப்பட்டிருக்கிறார்கள். பேரேட்டில் பக்கம் முடிந்த பின் அடியில் சேர்த்தெழுதிய பற்றைப் பார்த்தால், இது பிற்பாடு வந்தது என்று நாம் சொல்லிவிடுவோம் அல்லவா? அதே முறைதான். ஆகவே மூலப் பட்டியல் 336ஆம் ஆண்டில் தயாரானது என்று முடிவு செய்தார்கள். அப்போது ரோமில் டிசம்பர் 25 நிலைபெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

சூரியன் நாளா?

இனி வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு வருவோம். ரோமச் சக்கரவர்த்தி அவுரேலியன் 274ஆம் ஆண்டில் "வெல்லப்படாத சூரியன்" என்ற தெய்வத்துக்கு ரோமில் பெரிய கோயில் எழுப்பினார். அன்றைய ரோமர் வழக்கில் டிசம்பர் 25 என்பது சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள். நாம் உத்தராயணம் என்பது போல. அந்த நாளில் இருந்த சூரிய விழாவைக் கிறிஸ்தவர்கள் தம் விழாவாக மாற்றிக்கொண்டார்கள் என்பது ஒரு கருத்து. நம் படித்திருவிழாவைப் போன்ற ஒரு மாற்றம் என்று சொல்லலாம்.

இதற்கு ஆதரவாகச் சில செய்திகள் உண்டு. அன்றைய கிறிஸ்தவ போதகர்கள் இயேசுவை நீதியின் சூரியன் என்றே வருணித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ரோமின் ஆயராக இருந்த லியோ, கிறிஸ்துமஸ் நாள் பிரசங்கம் ஒன்றில், பேதுரு ஆலயத்துப் படிகளில் ஏறியதும் திரும்பி நின்று உதய சூரியனுக்குத் தலைவணங்கும் மக்களைக் கண்டித்திருக்கிறார். பழைய பழக்கம் படிவரை வந்திருந்தது என்பது இதனால் தெரிகிறது.

ஆனால் எதிர்த் தரப்புக்கும் வலு உண்டு. டிசம்பர் 25 சூரிய விழா நாள் என்று குறிக்கும் மிகப் பழைய சான்றே அந்த 354ஆம் ஆண்டுக் குறிப்பேடுதான். அதன் ஒரு பகுதியில் வெல்லப்படாதவனின் பிறந்த நாள் என்று பதிவு. இன்னொரு பகுதியில் கிறிஸ்து பிறந்த நாள் என்று பதிவு. ஒரே ஏட்டில் ஒரே தேதியில் இரண்டு பற்று இருந்தால், எது முந்தியது, எதிலிருந்து எது வந்தது என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மேலும், வள்ளிமலை சுவாமிகள் தம் நோக்கத்தை வெளிப்படையாகச் சொன்னது போல, "சூரிய விழாவை மாற்றவே இந்த நாளைத் தேர்ந்தோம்" என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவர் யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படிச் சொல்லும் குறிப்பு பல நூற்றாண்டுகளுக்குப் பின்பே ஒரு சுரியானிக் கையெழுத்துப் பிரதியில் வருகிறது.

மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம்

இரண்டாவது விளக்கம் வெறும் கணக்கு. இதை 1889இல் பிரெஞ்சு அறிஞர் லூயி துஷேன் முன்வைத்தார். இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று கி.பி. 200ஐ ஒட்டியே வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் எழுதிவிட்டார். ரோமர் கணக்கில் அது பகலும் இரவும் சமமாகும் நாளும்கூட. மகான்களின் வாழ்வு குறையாத முழு ஆண்டுகளாக இருக்கும் என்ற எண்ணத்தால், கருவில் வந்த நாளும் மறைந்த நாளும் ஒன்றே என்று கொண்டார்கள். மார்ச் 25இல் கரு என்றால் ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 25. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின் இதே கணக்கைத் தம் நூலில் சொல்லியிருக்கிறார். கிழக்கத்திய நாடுகளில் சிலர் ஏப்ரல் 6ஐ எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் ஜனவரி 6. கிழக்கில் பிறப்பு விழா நடந்ததும் அதே ஜனவரி 6இல்தான்! இரண்டு இடத்திலும் கணக்கு ஒத்துப்போவது இந்த விளக்கத்தின் பலம். இந்தக் கணக்கை விளக்கமாகச் சொல்பவர்கள் விழா தொடங்கிய பிறகே எழுதியிருக்கிறார்கள் என்பது இதன் பலவீனம்.

இரண்டு காரணங்களும் கலந்தே வேலை செய்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. கணக்கும் ஒத்து வந்தது; ஊரார் அறிந்த நாளாகவும் இருந்தது. ஒரு தேதி நிலைக்க இரண்டும் உதவும்.

கிழக்கும் மேற்கும்

ரோமில் எழுதியவுடன் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. கான்ஸ்டான்டிநோபிளில் 380ஐ ஒட்டித்தான் டிசம்பர் 25 வந்தது. அந்தியோகியாவில் 386ஆம் ஆண்டு யோவான் கிறிசோஸ்தோம் செய்த பிரசங்கத்தில், இந்த விழா இங்கே தெரியவந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்று சொல்கிறார். சபையில் ஏற்போரும் மறுப்போருமாக வாக்குவாதம் இருந்தது அவர் பேச்சிலேயே தெரிகிறது. மக்களை நம்ப வைக்க அவர் சொன்ன ஒரு வாதம் சுவையானது: குடிமதிப்புப் பதிவேடு ரோமில் இருக்கிறது, வேண்டியவர் போய்ப் பார்க்கலாம் என்றார். அப்படி ஒரு பதிவேடு இன்று நம் கைக்கு வந்து சேரவில்லை. அலெக்சாந்திரியா 432ஆம் ஆண்டளவில் ஏற்றது. எருசலேம் ஆறாம் நூற்றாண்டு வரையிலும் ஜனவரி 6ஐ விடவில்லை.

கடைசிவரை மாற்றிக்கொள்ளாதவர்கள் ஆர்மேனியர்கள். அவர்கள் திருச்சபை இன்றும் ஜனவரி 6ஆம் தேதியே பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்துக் கொண்டாடுகிறது. ஆர்மேனியர் என்றால் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. சென்னைக்குக் கொள்முதலுக்குப் போகும் நம் மொத்த வியாபாரிகள் பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெருவைக் கடந்திருப்பார்கள். அங்கே அரண்மனை ஏதும் இல்லை. ஆர்மேனியன் என்ற சொல்தான் மக்கள் வாயில் அப்படித் திரிந்தது. 1712இல் எழுந்து 1772இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட ஆர்மேனிய தேவாலயம் அங்கே இருக்கிறது. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் 1726இல் தம் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அமைத்தார். உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் வெளியானதும் சென்னையில்தான், 1794இல். ரோமத் தேதியை ஏற்காத வணிகர்களும் ஏற்ற வணிகர்களும் ஒரே தெருவில் கடை வைத்து வாழ்ந்த ஊர் அது.

ஊருக்கு ஊர் வழக்கம் மாறுவது நமக்கும் புதிதல்ல. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். முருகன் சினம் தணிந்த தணிகையில் சம்ஹாரம் இல்லை, புஷ்பாஞ்சலிதான். தெய்வம் ஒன்றே.

ஆண்டுக்கு 11 நிமிடம்

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூலியஸ் சீசர் ஏற்படுத்திய காலண்டரில் ஆண்டுக்கு 365 நாளும் 6 மணியும். உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. தராசில் ஒரு மயிரிழை வித்தியாசம் மாதக் கடைசியில் மூட்டைக் கணக்கில் தெரிவது போல, 11 நிமிடம் 128 ஆண்டுகளில் ஒரு நாள் ஆனது. 1582இல் போப் கிரகோரி 10 நாளைத் தள்ளுபடி செய்தார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவித்தார். இங்கிலாந்து 1752இல்தான் இதை ஏற்றது. பழைய காலண்டரையே விழாக்களுக்கு வைத்திருக்கும் ரஷ்ய, செர்பிய, ஜார்ஜியத் திருச்சபைகளுக்கு டிசம்பர் 25 நம் ஜனவரி 7இல் வருகிறது. உக்ரைன் 2023இல் சட்டம் இயற்றி டிசம்பர் 25க்கு மாறியது.

நம் கணக்கிலும் இதே சங்கதி உண்டு. தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோம். வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. நட்சத்திரக் கணக்கில் போவதால் மெல்ல விலகிவிட்டன. அதற்காகப் பொங்கலை யாரும் மார்கழியில் வைப்பதில்லை.

நம் ஊர்ப் பெரியவர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் 1888 செப்டம்பர் 5 என்று பதிவாகியிருக்கிறது. 1962 முதல் அது ஆசிரியர் தினம். ஆனால் தாம் பிறந்தது 1887 செப்டம்பர் 20ஆக இருக்கலாம் என்று அவர் எண்ணியதாக அவருடைய மகனும் வரலாற்றாசிரியருமான ச. கோபால் எழுதியிருக்கிறார். நேற்றைய மனிதருக்கே இப்படி என்றால் 2,000 ஆண்டுக்கு முந்தியவருக்குக் கேட்க வேண்டுமா? செப்டம்பர் 5இல் ஆசிரியரை வணங்கும் பிள்ளை தவறான நாளில் வணங்கியதாக நாம் சொல்வதில்லை. அது ஊரும் நாடும் ஒப்புக்கொண்ட நாள்.

வியாபாரிக்கு இதில் என்ன?

முதலாவது, சரக்குக் கணக்கு. நம் எல்லையூரில் விழாத் தேதிகள் நான்கு வகையாக வருகின்றன. கிறிஸ்துமஸ், படித்திருவிழா, பொங்கல், சித்திரை முதல் நாள் ஆகியவை சூரியக் கணக்கில் நிற்பவை. மாறினாலும் ஒரு நாள்தான் மாறும். ஆந்திரத்து வாடிக்கையாளரின் உகாதி, நம் தீபாவளி, கிறிஸ்தவரின் ஈஸ்டர் ஆகியவை சந்திரனையும் சூரியனையும் சேர்த்துப் பார்ப்பவை. ஒரு மாத வரம்புக்குள் முன்பின் நகரும். ஆடிக் கிருத்திகை, தைப்பூசம் நட்சத்திரத்தைப் பார்ப்பவை. ரம்ஜான் சந்திரனை மட்டும் பார்ப்பது. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும், பிறை தெரிந்த பின்பே உறுதியாகும். முதல் வகைக்கு ஒரே தேதியில் ஆர்டர் கொடுக்கலாம். மற்றவற்றுக்குச் சென்ற ஆண்டுத் தேதியை நம்பிக் கடனுக்குச் சரக்கு எடுத்தால் முதல் முடங்கும். புத்தாண்டுக் காலண்டர் கைக்கு வந்ததும் இந்த நான்கு வகையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, வாடிக்கையாளருக்குச் சொல்லும் பதில். டிசம்பர் 25 பொய்த் தேதி என்று கடையில் நின்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. அதுதான் பிறந்த தேதி என்று சாதிக்கவும் ஆதாரம் இல்லை. "தேதி வேதத்தில் இல்லை, ரோமாபுரியில் 336இல் எழுத்தில் வந்தது, காரணம் சூரிய விழா என்றும் மார்ச் 25 கணக்கு என்றும் இரண்டு கருத்து உண்டு, கொண்டாடுவது தேதியை அல்ல, பிறப்பை" என்று சொன்னால் போதும். கேட்டவரும் தெளிவு பெறுவார், பக்கத்தில் நிற்கும் கிறிஸ்தவ வாடிக்கையாளரும் முகம் சுளிக்க மாட்டார்.

1960 ஏப்ரல் 1ஆம் தேதி நம் ஊர் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதன் பிறகும் தெலுங்கு வருஷப் பிறப்புக்கும் தமிழ் வருஷப் பிறப்புக்கும் நம் கடைகள் ஒன்றுபோலத் தோரணம் கட்டி வருகின்றன. இரண்டு கணக்கையும் மதித்து வியாபாரம் செய்து பழகிய நமக்கு மூன்றாவது கணக்கும் நான்காவது கணக்கும் பாரமில்லை. வரும் டிசம்பரில் நட்சத்திரம் வாங்க வருபவருக்கும் கர்ப்பூரம் வாங்க வருபவருக்கும் ஒரே முகமலர்ச்சியோடு சரக்கை எடுத்துக் கொடுப்போம்.